கடனில்லாத வீட்டு விருந்து

கடனைக் கட்ட வந்தவளைக் கட்ட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அவள் என்னதான் செய்வாள்?

லோரெட் ஒன்றும் செய்யவில்லை. ஐம்பது டாலரை நீட்டிய கையோடு ஆஸ்பத்திரியின் பில் கவுண்டர் முன்னால் அப்படியே நின்றாள்.

"என்னடி மார்லீன், வாங்கிக்கோ. ஸ்கூல் பஸ்ஸை வாசல்ல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

"வாங்க முடியாதுடி. உன் பேர்ல பாக்கியே இல்ல."

"போன மாசம் இருந்துச்சே?"

"போன மாசம் இருந்துச்சு. இப்ப இல்ல."

மார்லீன் பள்ளிக்கூடத்தில் லோரெட்டின் பக்கத்து பெஞ்சுக்காரி. அப்போதும் சரி, இப்போதும் சரி, விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் லோரெட் நீட்டிய கையை இறக்காமல் மறுபடி கேட்டாள்.

"நல்லாப் பாரு. குடும்பப் பேரு பெலேட்டியே, பேரு லோரெட். நெஞ்சு ஆபரேஷன். ஊரே பேசின பில்லு."

"பாத்துட்டேன்டி. மாநில அரசாங்கம் வாங்கிடுச்சு."

"எதை?"

"உன் கடனை."

"என் கடனை வாங்கி மாநிலம் என்ன பண்ணப் போவுது? சுவத்துல மாட்டி வெக்கவா?"

"கிழிச்சுப் போட்டாச்சு. வருமானம் கம்மியா இருக்கறவங்க ஆஸ்பத்திரிக் கடனையெல்லாம் மொத்தமா, அடிமாட்டு விலைக்கு வாங்கி, ரத்து பண்ணிடறாங்க. நீ மனு போட வேண்டாம், போய்க் கேக்கவும் வேண்டாம். வீட்டுக்குத் தகவல் வந்திருக்குமே?"

"ஒண்ணும் வரலியே."

"அப்போ உன் புருஷனைப் போய்க் கேளு" என்றாள் மார்லீன். முப்பது வருடமாக இந்த ஊரில் யார் வீட்டில் எந்தக் காகிதம் காணாமல் போனாலும் அவள் சொல்லும் பதில் அதுதான்.

லோரெட் தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஒன்றரை வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருக்கிறது. குதிக்க வேண்டும், கத்த வேண்டும், அழவாவது வேண்டும். அவளுக்கோ யாரோ தன் பையைத் திருடிக்கொண்டு போனது போல இருந்தது. சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று தெரியாமல் ஐம்பது டாலரை மடித்துப் பழையபடி கையுறைக்குள் செருகினாள்.

அப்போதுதான் அவளுக்கு சாயங்காலம் நடக்க இருந்தது ஞாபகம் வந்தது.

"கடவுளே, பீன்ஸ்!" என்றாள் வாய்விட்டு.

மகள் ஜோசலின் அப்பாவின் கையைக் காலைப் பிடித்து, அம்மாவின் ஆஸ்பத்திரிக் கடனுக்காகத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பீன்ஸ் விருந்து வைத்துப் பணம் திரட்டச் சம்மதம் வாங்கியதைப் போன வாரம் பார்த்தோம். மறுநாள் சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது, ஆண்கள் எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால் விருந்தை இன்றைக்கே, வெள்ளிக்கிழமைக்கே முன்னால் தள்ளியிருந்தார்கள்.

லோரெட்டின் கணவன் குளோவிஸ் சம்மதித்தது சாதாரண விஷயம் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும், யார் வீடு எரிந்தாலும், குழி தோண்டி பீன்ஸ் வேக வைப்பவன் அவன்தான். கொடுக்கிற இடத்திலேயே நின்று பழகியவன். தன் பெண்டாட்டிக்காக ஊர் தட்டேந்தப் போகிறது என்றதும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கடைசியில், "பீன்ஸை வேற எவனாவது வேக வெச்சான்னா நான் கூடத்துக்கே வர மாட்டேன்" என்றான். அதுதான் அவனுடைய சம்மதம்.

நேற்று சாயங்காலமே கொல்லைப்புறக் குழியில் விறகைக் கொளுத்தி, தணலாக்கி, இரும்புப் பானையை இறக்கி மண்ணை மூடியாகிவிட்டது. பீன்ஸ் மண்ணுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. கடனோ மேலே காற்றோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு கூத்து.

முன்வாசலில் கதவு இருந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டி, அதன் நடுவில் ஆள் உயர விசிறி ஒன்று பேய் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. வீட்டில் எங்கெல்லாம் சூடு ஒழுகுகிறது என்று சோதிக்க மாநிலத் திட்டத்திலிருந்து வந்திருந்த பையன், கையில் ஒரு கருவியோடு சுவர் சுவராகத் தடவிக்கொண்டிருந்தான். சோதனைக்காக, வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டான். அந்த அடுப்பு அக்டோபரில் பற்றவைத்தால் மே மாதம்தான் அணையும். குளோவிஸ் கோபித்துக்கொண்டு கொல்லையில், பீன்ஸ் குழி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், இந்த ஜன்னல் ஓரம் கையை வெச்சுப் பாருங்க" என்றான் பையன்.

லோரெட் வைத்தாள். விரல் நுனி விறைத்தது.

"இத்தனை வருஷமா நீங்க வீட்டுக்கு அடுப்பு மூட்டல. ஊருக்கு மூட்டியிருக்கீங்க."

"அதை என் புருஷன் காதுல போடாதே தம்பி. உன்னையும் குழியில இறக்கிடுவாரு."

பையன் சிரித்தான். சுவருக்குள் பஞ்சு அடைத்துத் தருவார்கள், சூடும் குளிரும் தரும் ஒரு மின்சார யந்திரத்தை மாட்டுவார்கள், குளிருக்கு எரிக்கும் எண்ணெய்ச் செலவு பாதியாகக் குறையும், இவர்கள் வருமானத்துக்குக் கைக்காசு ஒன்றும் போட வேண்டியிருக்காது என்று விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னான்.

வருமானம் என்ற சொல் லோரெட்டின் காதில் தைத்தது.

"தம்பி, ஒரு சந்தேகம். ஊர்ல விருந்து வெச்சு எங்களுக்குக் கொஞ்சம் பணம் குடுத்தாங்கன்னா, அதுவும் வருமானக் கணக்குல வருமா? இதெல்லாம் கெடைக்காமப் போயிடுமா?"

"அது ஆபீஸ்ல கேக்கணும் மேடம். எனக்குக் காத்து எங்க ஓடுதுன்னுதான் தெரியும்."

ஆபீசுக்குப் போன் போட்டாள். யந்திரக் குரல் ஒன்று மிகுந்த மரியாதையோடு திங்கட்கிழமை வரச் சொன்னது.

ஒன்றரை வருடமாக ஏறிட்டும் பார்க்காத மாநிலம், ஒரே நாளில் கடனையும் கிழித்துப்போட்டு, கதவையும் கழற்றிவிட்டு, வீட்டுக்கு மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. எதற்கு நன்றி சொல்வது, எதற்குப் பயப்படுவது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. கொல்லைக்குப் போனாள்.

"குளோவிஸ், ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதாவது கவர் வந்துச்சா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து இல்ல. எவனோ ஒருத்தன்கிட்டேர்ந்து வந்துச்சு."

"என்ன எழுதியிருந்தான்?"

"உங்க கடன் ரத்தாயிடுச்சு, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்னு. எந்த மடையன் அப்படி எழுதுவான்? ஏமாத்துக்காரன்தான்."

"எங்க அது?"

குளோவிஸ் பூட்ஸ் முனையால் மண்ணைத் தட்டிக் காட்டினான்.

"எரிச்சுட்டியா?"

"பிர்ச் மரப் பட்டை ஈரமா இருந்துச்சு. பத்த வெக்க ஏதாவது வேணாமா?"

லோரெட் பக்கத்தில் கிடந்த ஈர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மார்லீன் சொன்னதையெல்லாம் சொன்னாள். குளோவிஸ் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஐம்பது டாலரை நீட்டறேன், வாங்க மாட்டேங்கறா."

"அப்போ நான் எரிச்சது..."

"ஆமா. அது மேலதான் பீன்ஸ் வேகுது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. லோரெட்டுக்குத் தையல் போட்ட இடம் வலிக்கிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. குளோவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் இறுகிவிட்டது.

"இன்னிக்கு கூடத்துல எழுந்து சொல்லிடணும் லோரெட். கடன் இல்லேன்னு. இல்லாத கடனுக்கு ஊர்ப் பணம் வாங்கறது திருட்டு."

"எண்ணெய்த் தொட்டி காலியா கெடக்கு குளோவிஸ்."

"விறகு இருக்கு. நீ சொல்லலேன்னா நான் சொல்வேன்."

"மார்லீன் சொன்னது நெசமா இல்லாமப் போயிடுச்சுன்னா? திங்கக்கிழமை அந்தப் பாக்கி திரும்பி வந்துடுச்சுன்னா?"

குளோவிஸ் எழுந்து மண்வெட்டியை எடுத்தான்.

ஜோசலின் மதியத்துக்கு மேல் வந்தாள். முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். கையில் பெரிய காபி டப்பா. மூடியில் பணம் போடத் துளை, வெளியே அம்மாவின் படம். பஸ் முன்னால் நின்று சிரிக்கிற படம்.

"அம்மா, நல்லா இருக்கா? கண்ணு மட்டும் கொஞ்சம் மூடியிருக்கு."

"உக்காருடி. ஒரு விஷயம் சொல்றேன்."

சொன்னாள். மகள் கட்டிப்பிடித்துக்கொள்வாள், துள்ளுவாள் என்று நினைத்தாள் லோரெட். ஜோசலின் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, அதன் மூடியைத் திருகிக் கழற்றி மறுபடி திருகினாள்.

"ஆஸ்பத்திரி பில்லு மட்டுந்தானே போச்சு?"

"வேற என்ன இருக்கு? ஆம்புலன்ஸ்காரனுக்கு இன்ஷூரன்ஸ் குடுத்துடுச்சுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. ஆமா, குடுத்துடுச்சு."

"அப்பா, கடன் இல்லேன்னு கூடத்துல சொல்லணுங்கறாரு."

"வேணாம்!" ஜோசலின் போட்ட சத்தத்தில் சுவரைத் தடவிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். அவள் குரலை இறக்கினாள். "வேணாம்மா. வெச்சுக்கோ. மாத்திரைக்கு ஆகும், குளிருக்கு ஆகும். யாரும் உன்னைக் கணக்கு கேக்க மாட்டாங்க."

"உனக்கு எதுக்கு இவ்ளோ பதட்டம்?"

"அம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாயேன். உன்கிட்ட ஒண்ணு..."

"ஜோசலின்!" கொல்லையிலிருந்து குளோவிஸின் குரல். "கொக்கியப் பிடிக்க ஆள் வேணும்! சட்டுனு வா!"

இரும்புப் பானையைக் குழியிலிருந்து ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. இருவரும் ஓடினார்கள். மண்ணும் சாம்பலும் விலகி, மூடியைத் திறந்ததும் வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் கலந்த வாசனை கொல்லை முழுவதும் எழுந்தது. அந்த ஒரு நிமிஷம் அதோடு போய்விட்டது. லோரெட் அதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்து நொந்துகொண்டாள்.

கூடத்தில் ஐந்து மணிக்கெல்லாம் உட்கார இடமில்லை. தீயணைப்பு வண்டிகளை வெளியே ஓட்டிவிட்டு நீள மேஜைகளைப் போட்டிருந்தார்கள். பீன்ஸ், கோஸ் ஊறல், மேப்பிள் மரப் பாகு, கோதுமை இல்லாத வேறொரு தானியத்தின் மஞ்சள் மாவில் ஒரு பக்கம் மட்டும் சுட்ட மெல்லிய ப்ளாய் அப்பங்கள் மலைமலையாக. ஆண்கள் இப்போதே ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு நாளைக்குச் சுடப்போகிற மானைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தார்கள்.

டப்பா வாசலில் இருந்தது. அதில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. போடுகிறவன் கையைக் குவித்து, பேச்சைப் பாதியில் விடாமல் போட்டுவிட்டு நகர்வான். பக்கத்தில் நிற்கிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். அதுதான் இங்கே மரியாதை.

லோரெட்டும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அட்ரியன் வந்தபோது பார்வை வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது.

அட்ரியனும் குளோவிஸும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து உருளைக்கிழங்கு பொறுக்கியவர்கள். அவன் மனைவி பெர்னிஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க அவளை ஏற்றிக்கொண்டு இவன் போகிற தூரத்துக்கு பெட்ரோலே சொத்தைக் கரைத்துவிடும். வீட்டுக்கு எண்ணெய் தொட்டியாக நிரப்பக் காசில்லாமல் கேனில் வாங்கி ஊற்றுகிறான் என்று ஊருக்கே தெரியும். அவனுக்காக விருந்து வைக்கலாம் என்று இரண்டு முறை கேட்டும் முடியவே முடியாது என்றுவிட்டான்.

அந்த அட்ரியன் நான்காய் மடித்த நோட்டை டப்பாவில் போட்டான். துளையில் அது சிக்கிக்கொண்டது. விரலால் குத்தி உள்ளே தள்ளினான்.

"நல்லா இருக்கியா லோரெட்?"

"இருக்கேன்" என்றாள் லோரெட். அந்த நோட்டு பெர்னிஸின் நாளைய பெட்ரோல்.

காலையிலிருந்து குழம்பிக் கிடந்த மனசு அந்த இடத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. வந்தது சரியான முடிவா என்று கேட்டால், அப்போது சரி என்றுதான் தோன்றியது.

கடைசியில் வரும் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பண்டத்தைப் பரிமாறுவதற்கு முன்னால் எழுந்தாள். வழக்கமாக நன்றி சொல்கிற நேரம். கூடம் அடங்கியது.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா? பீன்ஸ் நல்லா இருந்துச்சா?"

மேஜையைத் தட்டினார்கள்.

"என் ஆஸ்பத்திரிக் கடன் போயிடுச்சு. இன்னிக்குக் காலையிலதான் தெரியும். மாநிலமே வாங்கி ரத்து பண்ணிடுச்சாம். எப்படின்னு கேக்காதீங்க, எனக்கே இன்னும் முழுசாப் புரியல. அந்தத் தகவலை குளோவிஸ் எரிச்சுதான் உங்களுக்கு பீன்ஸ் வேக வெச்சிருக்கான்."

கூடம் அதிரச் சிரித்தது. குளோவிஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அதனால இந்தப் பணத்தை நாங்க வாங்கக் கூடாது. திருப்பிக் குடுக்கலாம்னா யாரு எவ்ளோ போட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன்." டப்பாவைத் தூக்கினாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. மேஜைகளுக்கு நடுவே நடந்துபோய் அட்ரியனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது பெர்னிஸுக்கு."

அட்ரியன் எழுந்துவிட்டான். "எடுத்துட்டுப் போ லோரெட். விளையாடாதே."

"உக்காருடா" என்றான் குளோவிஸ். எப்போது வந்து அவன் பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. "எனக்கு வாங்கத் தெரியாம நான் பட்ட பாடு போதும். நீயாவது கத்துக்கோ."

அட்ரியன் உட்கார்ந்தான். பெர்னிஸ் டப்பாவின்மேல் இரண்டு கையையும் வைத்து, அதில் ஒட்டியிருந்த லோரெட்டின் படத்தைத் தடவிப் பார்த்தாள். யாரோ கைதட்டினார்கள். பிறகு கூடமே எழுந்து நின்றது. தன் உயிரைத் திருப்பிக் கொடுத்த ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட இவ்வளவு லேசாக இருந்ததில்லை லோரெட்டுக்கு.

மகளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. கூடத்தில் ஜோசலின் இல்லை.

சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு இரும்புப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பானை எப்போதோ சுத்தமாகிவிட்டது. இவள் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி? அட்ரியன் வாங்கிக்கிட்டான்!"

"பாத்தேன்."

"ஏன், அழறியா?"

"இல்லம்மா. வெங்காயம்."

"பீன்ஸ் பானையில ஏதுடி வெங்காயம்? இங்க திரும்பு."

ஜோசலின் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது.

"ஆம்புலன்ஸ்காரனுக்கு இன்ஷூரன்ஸ் குடுக்கலம்மா. வசூல் ஆளுங்க உனக்குப் போன் பண்ண ஆரம்பிச்சாங்க. அப்போ நீ இன்னும் கட்டில்லேர்ந்து எந்திரிக்கக்கூட இல்ல. அந்தப் பாக்கி, இதே ஆஸ்பத்திரியோட பாங்கர் நகரக் கிளையில நீ இருந்தப்ப நாங்க தங்கின வாடகை, உன் மாத்திரை, எல்லாத்தையும் என் கிரெடிட் கார்டுல போட்டுக் கட்டிட்டேன்."

"எவ்ளோ?"

"வட்டியோட ஒம்பதாயிரத்துக்கு மேல போயிடுச்சு."

லோரெட்டின் கை ஈர மேடையைப் பிடித்தது.

"அதையும் மாநிலம்..."

"கேட்டேம்மா. மத்தியானம் நீ சொன்னதும் போன் பண்ணிக் கேட்டேன். கார்டுல ஏறிட்டா அது ஆஸ்பத்திரிக் கடன் இல்லியாம். நான் ஏதோ கடையில துணி வாங்கின மாதிரி. அந்தப் பட்டியல்ல வரவே வராதாம்." மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "இந்த டப்பாவை நம்பித்தான் இருந்தேன். பணம் உன் கைக்கு வந்ததும் மெதுவா சொல்லிக்கலாம்னு."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"அப்பா என்ன சொல்வாரு? பெத்தவங்களுக்காக என் புள்ள ஒரு காசு கடன் பட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு சொன்னவரு. நீ நெஞ்சு தையலோட படுத்திருந்தே. நான் யார்கிட்ட சொல்றது?"

கடன் எங்கேயும் போகவில்லை. மாநிலம் கிழித்தது கிழித்ததுதான். மிச்சம் இருந்தது அம்மா பெயரிலிருந்து மகள் பெயருக்கு நகர்ந்து, இரண்டு ஷிப்ட் வேலையாக இவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இவள் அழுகிற நேரத்தில் தான் கைதட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது லோரெட்டுக்குத் தன்மீதே வெறுப்பு வந்தது.

பரிமாறும் ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. பெர்னிஸின் மடியில் டப்பா. அட்ரியன் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆயிற்று. அதைப் போய்த் திருப்பிக் கேட்க எந்த வாய் வரும்?

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு குளோவிஸ் வந்தான். இரண்டு கையிலும் ஆப்பிள் பை தட்டு. முகம் முழுக்கச் சிரிப்பு. அவனுக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"என்ன, அம்மாவும் பொண்ணும் இங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க? வெளிய வாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் தலை நிமிந்து சாப்பிடறேன். நம்ம வீட்ல இனிமே ஒருத்தர் பேர்லயும் ஒரு காசு கடன் இல்ல!"

ஜோசலின் சட்டென்று குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். "சொல்லாதே" என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

லோரெட் கணவனின் கையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி மேடைமேல் வைத்தாள். மகளின் சோப்புக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குளோவிஸ்" என்றாள், "அந்தக் கதவைச் சாத்து. சாத்திட்டு வந்து உக்காரு."